வேலிக்கு வெளியே நின்ற கோச்

வலது கோல் பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்கும்போது பிக்ரெத்தின் முழங்கால் மறுபடியும் மக்கர் பண்ணியது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். போஸ்னா ஆற்றுப் பனிமூட்டம் கால்பந்து மைதானத்தை விட்டு இன்னும் விலகவில்லை.

ஒரு காலத்தில் இடது ஓரத்தில் இவர் பந்தோடு ஓடினால் தலைநகர் சரயேவோக்காரர்களே எழுந்து நின்று பார்ப்பார்கள். அப்புறம் போர் வந்தது. போர் முடிந்து வந்து, குண்டு விழுந்த பள்ளங்களை மண் போட்டு மூடி, இதே மைதானத்தில்தான் ஆடினார். முழங்கால் போனதும் பிள்ளைகளுக்குப் பயிற்சி. இந்த ஊரில் பந்தைத் தொட்ட பயல்கள் அத்தனை பேரும் இவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தான்.

இப்போது கால்பந்துச் சங்க விதிப்படி, கோச் லைசென்ஸ் இல்லாதவர் அணியின் பெஞ்சில் உட்காரக் கூடாதாம். லைசென்ஸ் படிப்பில் சேரப் பள்ளிச் சான்றிதழ் வேண்டுமாம். பள்ளிக்கூடமே போரில் எரிந்து சாம்பலான பிறகு சான்றிதழுக்கு எங்கே போவது? எல்லா கிளப்பும் செய்வதையே கிளப் தலைவர் முனிப்பும் செய்தார். லைசென்ஸ் வைத்திருந்த தன் அக்கா மகன் எல்வீரை பெஞ்சில் உட்கார வைத்தார். பிக்ரெத் பெயருக்கு மைதானக் காவலாளி. பெஞ்சுக்குப் பின்னால் கம்பி வேலிக்கு வெளியே நிற்பார். இவர் முணுமுணுப்பதை எல்வீர் உரக்கக் கத்துவான்.

"என்ன பிக்ரெத்து, நீ தொண்டை, அவன் வாயா?" வேலியோரம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் சீண்டினார்.

"பசங்க பக்கத்துலயாவது நிக்கிறேனே, விடுப்பா."

அன்று மேட்ச். முனிப் காலையே எச்சரித்திருந்தார். "சங்கத்து ஆள் வந்திருக்கான். வேலியத் தாண்டி ஒரு கால வெச்சேன்னு வை, மேட்சும் போச்சு, உன் வேலையும் போச்சு."

இரண்டாம் பாதியில் இவர்கள் அணிப் பையன் ஆர்மின் பந்தைத் தலையால் முட்ட எழும்பினான். எதிர் அணி கோல்கீப்பரின் முட்டி அவன் தாடையில் மோதியது. விழுந்தவன் அசையவில்லை. மேட்சுக்கு இருக்க வேண்டிய டாக்டர் காபிக் கடைக்குப் போயிருந்தார். எல்வீர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றான்.

"நாக்குடா! நாக்கு உள்ள போயிருச்சு! ஒருச்சாய்ச்சுப் படுக்க வை!" வேலிக்கு வெளியே இருந்து பிக்ரெத் கத்தினார்.

"எனக்குத் தெரியலண்ணே! மொகம் நீலமாவுதுண்ணே!"

வேலியோரம் பையனின் அம்மா ஸும்ரா அலறினாள். பிக்ரெத் கம்பியைப் பிடித்து ஏறி உள்ளே குதித்தார். அந்தக் காலோடு எப்படி ஏறினார் என்று யாருக்கும் விளங்கவில்லை. பையனின் இறுகிய பற்களை நெம்பி இரண்டு விரலை உள்ளே விட்டார். பையன் எலும்பு வரை கடித்தான். பிக்ரெத் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆர்மின் இருமினான், மூச்சு வந்தது. ஸும்ரா ஓடிவந்து பிக்ரெத்தின் ரத்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் கிளப் அறையில் முனிப்பும் சங்கத்து ஆளும் சுட்ட ஆட்டுக்கறி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். முனிப் தனியாக வெளியே, காத்திருந்த பிக்ரெத்திடம் வந்தார்.

"மேட்ச் தப்பிச்சுது. உள்ள ஓடிக் காப்பாத்துனது எல்வீர்னு சங்கத்துக்காரரு ரிப்போர்ட்ல எழுதிட்டாரு."

"அப்ப நான்?"

"நீ அங்க இல்லவே இல்ல. யாராவது விசாரிக்க வந்தா நீ இங்க நிக்கக் கூடாது. அதான்... சாவியக் குடுத்துடு."

"பையன் செத்திருப்பான் முனிப்."

"தெரியும்டா. கண்ணால பாத்தேன். அதான் உன்னத் திட்டாம சொல்றேன்."

பிக்ரெத் அவர் சட்டைக் கையைப் பிடித்தார். "எனக்கு வேற எதுவும் தெரியாதுடா. புல்லு வெட்டுறேன். துணி தொவைக்கிறேன். வாயே தொறக்க மாட்டேன்."

முனிப் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

எல்வீரின் படம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடப் பாவிகளா! எல்லார் வீட்டிலும் ஒரு பையன் பந்து ஆடுகிறானே.

அடுத்த வாரம் பழைய பூட்ஸையும் விசிலையும் எடுத்துக்கொண்டு பிக்ரெத் வெளியே வந்தபோது, மைதான வாசலில் ஸும்ரா நின்றாள். தோளில் பை. உள்ளே காபிப் பொட்டலம், கட்டிச் சர்க்கரை, சாக்லேட் பெட்டி தெரிந்தன. டாக்டருக்கும் வாத்தியாருக்கும் இந்த ஊர்க்காரர்கள் காரியம் ஆகக் கொண்டுபோகும் அதே சாமான்கள். இவரைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போனது.

"கை எப்படிண்ணே இருக்கு?"

"ஆறிடும். பையன்?"

"கஞ்சி குடிக்கிறான்." பையை மறு தோளுக்கு மாற்றினாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. இனி டீம் எடுக்கிறது எல்வீர் சார்தானே. நன்றி சொல்லலேன்னா பையன ஒதுக்கிருவாங்க."

"உள்ளதான் இருக்கான். போம்மா."

கேட்டுக் கொக்கி இறுகிக் கிடந்தது. அவளால் திறக்க முடியவில்லை. பிக்ரெத் கட்டுப் போட்ட கையாலேயே அதைத் தூக்கிவிட்டு, அவள் பை இடிக்காதபடி ஒதுங்கி நின்றார்.