ஒரு நூல் கீழே

...இல்லை, மூச்சு வயிற்றிலிருந்து வரவேண்டும், நெஞ்சிலிருந்து அல்ல, தோளைத் தூக்காதீங்கண்ணே என்று சேதுபதி எத்தனை தரம் சொல்லியாயிற்று, இதோ இப்போதும் தோள் தானாக எழும்புகிறது, கலியாணசுந்தரம் அதைக் கீழே இறக்கினான், சுருதிப்பெட்டியின் துருத்தியை மெல்ல இழுத்தான், பெட்டி ஒரே சீராக முனகத் தொடங்கியது. மலாக்காவில் காஜா பேராங் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் சாயங்கால வெயில் இன்னும் பாதித் தரையில் கிடந்தது. பாட வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், பக்கத்தில் சேதுபதி பிடிலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ரேடியோக்காரர்கள் வருகிறார்கள். மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வருகிறதல்லவா, ஊருக்கு ஒரு கோயில் பாட்டைப் பதிவுசெய்து கொடியேற்றும் வாரத்தில் நாடு முழுக்கப் போடப்போகிறார்களாம். நாடு முழுக்க! பொதுப்பணி அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி கலியாணசுந்தரம் பாடுவதைப் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு கேட்பார்கள், அக்கா வீட்டில் கேட்பார்கள், கூடவே பாட்டுத் தெரிந்தவர்களும் கேட்டுத் தொலைப்பார்கள்... காந்தாரம் நிற்குமா? நாளைக்கு ஒரே ஒரு முறை, நின்றுவிட்டால் போதும், அப்புறம் எப்படியோ போகட்டும்.

போன திருவிழாவில் இதே ரேடியோ ஆட்கள்தான் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சும்மா சோதித்துப் பார்க்கிறோம் என்று அவன் பாட்டைப் பிடித்து உடனே அவனுக்கே போட்டுக் காட்டினார்கள். யார் இந்த ஆள், மூக்கடைத்துப்போய், என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் மூன்றாவது அடி வந்தது, தாயே என்று குரல் ஏறுகிற இடம். ச, ரி, க என்று படியேறினால் மூன்றாவது படி காந்தாரம், அந்தப் படியில் காலை வைக்காமல் ஒரு நூல் கீழேயே நின்றுகொண்டு தாயே தாயே என்று அந்த ஆள் உருகுகிறான். நானா? இத்தனை வருஷமாகவா? ஒருவராவது சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுக்கு வந்து மனைவி ஜெயாவைக் கேட்டால், "எனக்கு என்னங்க தெரியும், நீங்க பாடுறதே அப்படித்தான்னு இருந்துட்டேன்" என்கிறாள். நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம், கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். மறுநாளே ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலில் பிடில் வாசிக்கிற சேதுபதியிடம் போய் நின்றான், தன்னைவிடப் பத்து வயது சின்னவனிடம், தம்பி, எனக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடு, சரளிவரிசையிலிருந்து என்று. சேதுபதி சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை, அப்படியானால் அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வாயைத் தொறக்காதீங்கண்ணே, முதல்ல காதுல கேளுங்க, கேட்டது வந்தாத்தான் பாட்டு என்றான். விடிவதற்கு முன் எழுந்து, கேட்டு, பாடி, நிறுத்தி, மறுபடி கேட்டு, பக்கத்து வீட்டுச் சீனர் சுவரைத் தட்டி, அதற்கும் வெட்கப்படாமல் பாடி... ஒருநாள் காலையில் குரல் சுருதிப்பெட்டியின் சத்தத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டது, தன் குரலே தனக்குத் தனியாகக் கேட்கவில்லை. அன்றைக்கு அழுதுவிட்டான், முப்பத்தெட்டு வயதில், காந்தாரத்துக்காக, ஜெயா பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தானே, அந்த மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல. தனக்குப் பின்னால் பாய்களில் உட்கார்ந்திருக்கும் இவர்களை யோசித்தானா? மலாக்கா செட்டிகள், எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்து இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்களின் வம்சம், சாமி மாரியம்மன், பேச்சு மலாய். தமிழ் தெரியாது, ஆனால் அம்மனுக்குத் தமிழில்தான் பாடவேண்டும். அவன்தான் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தான். பொருள் தெரிந்தவன் கொஞ்சம் இப்படி அப்படிப் பாடுவான், சத்தத்தை மட்டுமே நம்பிப் படித்தவன் ஒரு பொட்டுக்கூட மாற்ற மாட்டான். அந்தக் காலத்தில் அவனுக்கு மூச்சுப் பற்றாமல் மகமாயி என்பதை மக என்று நிறுத்தி, ஹக்கென்று காற்று வாங்கி, மாயி என்று முடிப்பான், இவர்கள் இன்றைக்கும் அத்தனை பேரும் அதே இடத்தில் ஹக்கென்று காற்று வாங்குகிறார்கள், அதுவும் பாட்டில் சேர்ந்ததென்று பயபக்தியோடு. சேதுபதி முதல் தடவை கேட்டபோது பிடிலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். சரி, அது சிரிப்பு. காந்தாரம்? அதையும் அப்படியே வைத்திருக்கிறார்கள், அவன் கொடுத்த அதே ஒரு நூல் கீழே, ஒருவர் விலகாமல்... இவ்வளவு நல்ல காது இவர்களுக்கு இருந்திருக்க வேண்டாம்.

தொடங்கினார்கள். முதல் அடி சுகமாகப் போயிற்று, இரண்டாவதும். மூன்றாவது அடியில் அவன் தாயே என்று நேராகப் படியில் ஏறி நின்றான், சேதுபதியின் பிடிலும் அங்கேதான் நின்றது, பின்னாலிருந்து அத்தனை குரல்களும் கீழேயிருந்து வந்து இடித்தன, பல் கூசியது. நிறுத்தினான். கொஞ்சம் மேலே, இப்படி, என்று மலாயில் சொல்லித் தனியாகப் பாடிக் காட்டினான். தலையாட்டினார்கள். மறுபடி பாடினார்கள், மறுபடி கீழே. இன்னொரு தடவை. பெண்கள் வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்த அஞ்சலை கெபாயாச் சட்டையின் முன்பக்க ஊசியைத் திருகிக்கொண்டு, "தாக் சாமா, சேகு" என்றாள், வாத்தியாரை அவர்கள் சேகு என்றுதான் கூப்பிடுவார்கள், இது அது இல்லையே வாத்தியாரே என்கிறாள், கோபமாக அல்ல, வருத்தமாக. அம்மா கிடையில் கிடந்தபோது தினமும் இந்தப் பாட்டைத்தான் பாடினேன், இந்த இடம் வந்தால்தான் அம்மா கண்ணைத் திறந்து பார்ப்பாள், நீங்கள் இன்றைக்குப் பாடுவது அந்த இடம் இல்லை என்றாள். அவளிடம் என்ன சொல்வது? உன் அம்மா கண் திறந்தது என் தப்புக்கு என்றா? கலியாணசுந்தரத்துக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது. சரி, கடைசியாக ஒரு தரம், என்றான்.

இந்தத் தடவை மூன்றாவது அடியில் அவன் குரல் மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் நிறுத்தியிருந்தார்கள், மரியாதைக்காக, அவன் சரிசெய்துகொள்ளட்டும் என்று. சரியான காந்தாரத்தில் தன்னந்தனியாக நின்றான், அஞ்சலை முன்னால் சாய்ந்து, பாட்டை மறந்துபோன பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல், தாயே என்று அவனுக்கு மட்டும் கேட்கும்படி முனகினாள். ஒரு நூல் கீழே. வேண்டாம், போகாதே, பெட்டியைக் கேள், பெட்டியைக் கேள்... தொண்டை அவள் இடத்துக்கே இறங்கிப் போய்விட்டது. தோள் தூக்கவில்லை, தாடை இறுகவில்லை, மூச்சு வயிற்றிலிருந்து தாராளமாக வந்தது, சேதுபதி சொல்லிக்கொடுத்த அத்தனையும் குறையில்லாமல் நடந்தது, தப்பான இடத்தில். உடனே பின்னாலிருந்து எல்லாக் குரல்களும் வந்து சேர்ந்துகொண்டன, மண்டபம் நிறைந்தது, அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். பிடில் கொஞ்சநேரம் மேலேயே தனியாக இழுத்துக்கொண்டிருந்தது, பிறகு சேதுபதி அவனைப் பார்க்காமல் விரலைத் தந்தியில் சற்றே இறக்கி வைத்தான். ஏன் இறக்கினான், பாவம் என்றா, வேறு வழியில்லை என்றா? நாளைக்கு நாடு முழுக்க இதுதான் போகப்போகிறது, எவ்வளவு கீழே இருக்கிறோம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று கலியாணசுந்தரம் பாடிக்கொண்டே சுருதிப்பெட்டியின் பக்கம் தலையைச் சாய்த்தான், மாதக்கணக்கில் விடியலில் எழுந்து தீட்டி வைத்த காதை முழுக்கக் கொடுத்துக் கேட்டான். எல்லாம் சேர்ந்தே கேட்டது. எங்கேயும் இடிக்கவில்லை. இறங்கித்தான் பாடுகிறான் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் காதுக்குத் தெரியவில்லை, எவ்வளவு கேட்டும் தெரியவில்லை.