கஸ்பெரின் ஆட்டுத்தோல் கோட்டு

"அப்பா, இந்த நகரத்துல மாவு அரைக்கிறவங்க எங்க உக்காருவாங்க?"

யுஸ்தினா ஏழு வயதில் கேட்டது இது. ஒரு நகரத்தின் குடிமக்கள் சபையில் உட்கார்ந்து தங்களைத் தாங்களே ஆள்வதைப் பற்றி ஒரு கிரேக்க ஞானி எழுதியதை, அவள் அப்பாவான பிரபு டோபியாஷ் அப்போது போலிஷ் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க உக்கார மாட்டாங்கம்மா, அரைப்பாங்க" என்று சிரித்தார். 'கிரேக்கர் குடிமக்கள் என்று சொல்வது நம் பிரபுக்களைப் போன்றோரைத்தான். உழுகிறவன் அதில் சேர்த்தியில்லை' என்று ஓரக்குறிப்பும் எழுதினார். புத்தகம் அச்சானதும் மாவட்டத்துப் பிரபுக்களுக்கு அந்தக் குறிப்புதான் மிகவும் பிடித்திருந்தது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு குளிர்காலத்தில், உறைந்த ஆற்றைக் கடக்கும்போது அவருடைய சறுக்குவண்டி பனியை உடைத்துக்கொண்டு மூழ்கியது. பக்கத்துப் பண்ணையின் அடிமையாள் கஸ்பெர், மரம் ஏற்றிய வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பனிமேல் குப்புற ஊர்ந்து வந்து அவரை இழுத்துப் போட்டான். தன் ஆட்டுத்தோல் கோட்டை அவருக்குப் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டே போனான். மரம் தாமதமாக வந்ததற்காக அவன் எஜமான் பிரோகோப் அவனைச் சவுக்கால் அடித்தார். கஸ்பெர் ஓடிப்போனான்.

அடுத்த ஞாயிறு பிரபுக்கள் மாதா கோவிலுக்குள் கூடினார்கள். ஓடிப்போனவனைப் பிடிக்க எல்லாப் பண்ணைகளும் ஆளும் நாயும் அனுப்ப வேண்டும் என்றார் பிரோகோப்.

"உழுகிறவன் சேர்த்தியில்லன்னு நம்ம டோபியாஷ் அண்ணனே எழுதி வச்சிருக்காரே! சரின்னு சொல்லுங்கண்ணே, உங்க கிரேக்கரு மனசு குளிரட்டும்!" என்று அவரே டோபியாஷ் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலை தன் வைக்கோல் கொட்டகைவரை போயிருந்த வெறுங்கால் தடங்களை டோபியாஷ் பார்த்திருந்தார். பீடத்தில் சிலுவை தெரிந்தது. அங்கே தொங்கியவருக்கும் யாரும் இடம் கொடுக்கவில்லை.

"நான் ஒப்பல" என்றார்.

"என்னது?"

"ஒப்பலன்னேன்."

"காரணம்?"

"காரணம் சொல்லணும்னு வழக்கமில்லையே, தம்பி."

"கிரேக்கம் படிச்சு மனுசனுக்கு மூளை கலங்கிடுச்சுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். வாள்கள் பாதி உறையைவிட்டு வெளியே வந்தன. ஆனால் அந்தச் சபையின் வழக்கப்படி ஒரே ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்ததுதான். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

சாயங்காலம் வேலைக்காரர்களை எல்லாம் கோவில் ஜெபத்துக்கு அனுப்பிவிட்டு, டோபியாஷ் அந்தக் கோட்டை எடுத்தார். பனியில் கிழிந்திருந்த கோட்டுக்கையைத் தாமே தைத்திருந்தார். தையல் கோணல்மாணலாக இருந்தது. பைகளில் ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் திணித்தார். கொட்டகைக் கதவின் ஆணியில் கோட்டை மாட்டினார். உள்ளே வைக்கோல் சரசரத்து அடங்கியது.

ஆற்றுப்பக்க வாசலின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.