இடது கைப் பட்டன்

பிரஸ் மெஷினைக் கற்றுக்கொடுக்க செல்போன் போதும் என்று முதலில் சொன்னவள் நான்தான். கும்மிடிப்பூண்டியில், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் பயிற்சி கொடுக்கும் வேலை எனக்கு. பேர் திலகவதி, வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள்.

"போர்டுல படம் போட்டா யாருக்கு சார் புரியும்? கையில குடுங்க, வெளாடிக்கினே கத்துக்குவாங்க" என்று மேனேஜர் பூவராகவனிடம் மல்லுக்கு நின்று, செல்போனில் ஆடிப் பழகும் ஒரு ஆப்பை வாங்க வைத்தேன்.

ஆப்பில் மெஷின் அச்சு அசலாக இருக்கும். இடது கைக்கு ஒரு பச்சைப் பட்டன், வலது கைக்கு ஒன்று. இரண்டையும் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கித் தகட்டை வளைக்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது அச்சுக்கு அடியில் எந்தக் கை போகும்? பாதுகாப்பே அதுதான். தப்பு செய்தால் திரை சிவந்து 'மறுபடி ஆடு' என்று வரும். அவ்வளவுதான்.

முதல் பேட்ச் நல்ல மார்க் வாங்கி இன்று காலை நிஜ மெஷினுக்குப் போயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

டீ நேரத்தில் புது பேட்ச்சில் ஒருத்தியைப் பார்த்தேன். கல்பனா, ஆரம்பாக்கத்துப் பெண். ஒரு கையில் வடை, இன்னொரு கையால் ஆட்டம். மார்க் மட்டும் எகிறிக்கொண்டிருந்தது.

"ஒரு கையால எப்டிம்மா அடிக்கிற?"

"ஈஸி மிஸ். இடது பட்டனை அமுக்கிக் கொஞ்ச நேரம் புட்சினா அப்டியே ஒட்டிக்கும். அப்பால ஒரு கை ஃப்ரீ. தகடு சீக்கிரமா வெக்கலாம்."

"யாரு சொன்னது?"

"ஜெபா அக்கா. அவங்க மொத பேட்ச்சுல எல்லாரும் இப்டித்தான் வெளாட்னாங்களாம்."

ஆப்பில் அப்படி ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாது. மார்க்கைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. எங்கள் மெஷின்கள் பழசு. பட்டனை அழுத்துவது கையா கட்டையா என்று அவற்றுக்குத் தெரியாது.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ஷெட்டுக்குள் தடால் தடால் என்று ஒரே சத்தம். வாசலுக்குப் பக்கத்து மெஷினில் ஜெபா. இடது பட்டன் அழுந்தியே இருக்க ஒரு மரத்துண்டைச் சொருகியிருந்தாள். இடது கை அச்சுக்கு அடியில் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தது. வலது உள்ளங்கை பட்டன்மேலேயே இருந்தது. வாயைத் திறக்கப் பயந்தேன். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள், திரும்பும்போது வலது கை அழுத்திவிட்டால்? வரிசையில் அவளுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் இப்படி?

கதவோரம் மெயின் சுவிட்ச். நடந்தேனா பறந்தேனா தெரியாது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

ஷெட் முழுக்க அடங்கியது. விளக்கும் போயிற்று.

"யாருய்யா லைன ஆஃப் பண்ணது?" பூவராகவன் கத்திக்கொண்டே வந்தார்.

"நான்தான் சார்." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்குங்க! என் பேட்ச்சு, எல்லாரும்!"

ஜெபா சிரித்துக்கொண்டே தூக்கினாள். "இன்னா மிஸ், போலீஸு மாதிரி?" அவளுக்குத் துளி பயம் இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஒவ்வொருவராகக் கைகள் உயர்ந்தன.

கடைசி மெஷினில் குணா. இருட்டில் அவனுடைய வலது கை மட்டும் மேலே தெரிந்தது.

"குணா, இன்னொரு கை!"

அவன் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"குணா!"

இடது கை மெல்ல மேலே வந்தது. அதில் ஒரு மரத்துண்டு. ஐந்து விரலும் அதைப் பிடித்திருந்தன.

"எட்த்துட்டேன் மிஸ், திட்டாதீங்க" என்றான்.

நான் திட்டவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.