நிற்கிறவருக்கு ஒரு மழைக்கோட்டு

இங்கிலாந்தின் கெஸ்விக் ஊரில் நனையாமல் இருப்பதன் விலை இருநூற்று நாற்பது பவுண்ட். வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வருமா என்ற பேச்சு. ஆகவே விலை நியாயமானதுதான் என்றாள் டோரீன். அவள் இங்கே மலையேறிகளுக்கான கடை வைத்திருப்பவள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்தில் அவள் ஏறாத பாறை இல்லை. இப்போது வாடிக்கையாளர்கள் மேல் ஏறுகிறாள்.

நான் பெரி என்ற ஊரின் சந்தையில் துணி விற்றவரின் மகன். எந்தத் துணியையும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்து, கடைக்காரன் எவ்வளவு சொல்வான், எவ்வளவுக்கு இறங்குவான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கனம் கூடினால் விலை கூடும். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த பௌதிகம் அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை டோரீன் மேசைமேல் மூன்று மழைக்கோட்டுகளை விரித்தாள். கனமானது நூற்றைம்பது. அதைவிட மெல்லியது நூற்றுத் தொண்ணூறு. வெங்காயச் சருகு மாதிரி இருந்தது இருநூற்று நாற்பது. துணி குறையக் குறைய விலை ஏறுகிற சரக்கு, நீச்சலுடைக்கு அடுத்தபடியாக இதுதான்.

"இதுல பத்தாயிரம், அதுல இருபதாயிரம்னு போட்டிருக்கே, என்ன அது?" என்று கேட்டேன்.

"மில்லிமீட்டர், கண்ணு. துணிமேல ஒரு குழாயை நிறுத்தி, அத்தனை உயரத்துக்குத் தண்ணி ஊத்தினாலும் கசியாது."

"இருபது மீட்டர் தண்ணிக்கு அடியில நான் எதுக்குப் போய் நிக்கப்போறேன்?"

"போன ஆகஸ்ட்ல நீ ஊர்ல இல்லையா?" என்றாள் டோரீன்.

கோட்டில் தொங்கிய சீட்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது: ஒன்று மூன்று அடுக்கு, ஒன்று இரண்டரை அடுக்கு. மிச்ச அரை அடுக்கை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். அது உள்பக்கம் அடித்த பூச்சு, அதை முழு அடுக்கு என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை என்றாள். எனக்குத் தலை சுற்றியது. என் அப்பா அரை கஜத்தை முழு கஜம் என்று விற்றவர்.

என் மனைவி ஹேஸல் இது எதையும் காதில் வாங்கவில்லை. அந்த வெங்காயச் சருகை அதனுடைய பைக்குள்ளேயே திணித்து, ஒரு ஆரஞ்சுப்பழம் அளவுக்குச் சுருட்டி, உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டோரீனிடம் கேட்டாள்.

"இதுல லார்ஜ் இருக்கா?"

எனக்கு அங்கேதான் உண்மையில் குழப்பம் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே மழைக்கோட்டு. பதினெட்டு வருஷம் முன்பு நான் போட்ட சட்டம். பாறை ஏறும்போது ஒருவர் முன்னால் போகிறார், மற்றவர் கீழே நின்று கயிறு பிடிக்கிறார். ஏறுகிறவருக்கு வேர்க்கும், நிற்கிறவருக்குத்தான் குளிரும். மேலே போய்ச் சேர்ந்தவருக்கு ஜெயித்த சூடு போதும். அப்படியிருக்க இரண்டாவது கோட்டு எதற்கு, அதன் எடை எதற்கு, அதன் விலை எதற்கு? ஹேஸல் அன்றைக்குச் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். வாங்கிய கோட்டு ஸ்மால். ஏனென்றால் முன்னால் போகிறவன் எப்போதும் நான்.

ஸ்மால் என் ஒரு கைக்குத்தான் போதும். லார்ஜ் அவளுக்குக் கூடாரம்.

"உனக்கு ரொம்பப் பெருசா இருக்குமே," என்றேன்.

"எனக்குப் பெருசுதான்," என்றாள்.

"உள்ள ஸ்வெட்டர் போடறதுக்கா?"

"இல்ல."

"அப்ப தள்ளுபடியில லார்ஜ் மட்டும்தான் இருக்கா?"

"எல்லா சைஸும் இருக்கு," என்றாள் டோரீன். "எல்லாம் ஒரே விலைதான். எதைக் குடுக்கிறதுன்னு எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அடுத்த வாரம் யார் நின்னு கயிறு பிடிக்கப்போறது?"

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போக இருந்தது, ஊர்க்காரர்கள் கழுதைமூக்கு என்று சொல்லும் பாறைக்கு. போன செப்டம்பரில் அதன் பாதியில் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றுவிட்டு இறங்கிவந்தவன் நான். ஷூ வழுக்குகிறது என்றேன். அக்டோபரில் முழங்கால் வலி. வசந்தம் வந்ததும் காற்று. ஒவ்வொரு தடவையும் ஹேஸல் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். இந்தத் தடவை என்ன சொல்வது என்று ஒரு வாரமாக நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வில்ஃப்தான்," என்று என்னைக் கைகாட்டினாள் ஹேஸல்.

சரக்கு தெரியாத வியாபாரி விலையைக் கேட்டு முழிப்பதுபோல நின்றேன். டோரீன் லார்ஜை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

அவள் கடையின் பின்முற்றத்தில் கூரைத் தகரக்குழாய் ஓரிடத்தில் உடைந்து, மழைநாளில் அருவியாகக் கொட்டும். அன்றும் கொட்டிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக அதைச் சரிசெய்ய விடவில்லை. மழைக்கோட்டு வாங்குகிறவர்கள் அதன் கீழே நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். டோரீன் எனக்கு ஹெல்மெட்டை மாட்டி, அதன் மேல் கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டு, இடுப்புப் பட்டையைக் கட்டி, என்னை அந்த அருவியின் கீழே தள்ளினாள்.

"சும்மா நிக்காதே, கண்ணு. கயிறு பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கினா ஓரம் மேல ஏறுதான்னு பாக்கணும்." ஒரு கயிற்றின் நடுப்பகுதியை என் கையில் கொடுத்து, முனையை ஹேஸலிடம் நீட்டினாள்.

ஹேஸல் முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். பிறகு கடைக்குள்ளே, கூடாரங்களுக்கும் சமையல் சட்டிகளுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள். அவள் இழுக்க இழுக்க நான் கயிறு விட்டேன். தலைக்கு மேல் தண்ணீர் தடதடவென்று கொட்டியது. தோளில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பழைய கோட்டுக்குத் தோள்பட்டைத் தையல் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் இன்னும் ஒரு சீசன் தாங்கும் என்று சொன்னது நான், தாங்கியது அவள்.

"கயிறு விடு, வில்ஃப்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இறுக்குது."

விட்டேன். பிறகு, அவள் முகம் தெரியாத தைரியத்தில், சொல்லிவிட்டேன்.

"செப்டம்பர்ல ஷூ வழுக்கல."

"தெரியும். மறுநாள் அதைக் கழுவினது நான்தானே. அடி புதுசு மாதிரி இருந்துது."

"பயமா இருந்துது. இப்பவும் இருக்கு."

"அதுவும் தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அடுத்து எதைக் குத்தம் சொல்லப்போறன்னு பாத்துட்டு இருந்தேன். முழங்காலுக்கு அப்புறம் காத்து. காத்துக்கு அப்புறம் என்னைத்தான் சொல்லுவியோன்னு நெனச்சேன்."

என்னைவிட்டால் ஊரையே பேரம் பேசி வாங்கிவிடுவேன். ஆனால் அந்த நேரத்தில் அவள் கேட்டது எவ்வளவு, நான் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று ஒன்றும் பிடிபடவில்லை. கோபமா, இரக்கமா, அல்லது இத்தனை வருஷமாக அவளுக்கே முன்னால் போக ஆசையா? கேட்டேன்.

"முன்னாடி போகணும்னு உனக்கு ஆசையா?"

கயிறு இன்னும் ஒரு முழம் உள்ளே போனது.

"உன்னை நிக்க வைக்கணும்னு இல்ல," என்றாள். "ஆனா எனக்கு நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு."

"புருஷன் பொண்டாட்டி பேச்சை வீட்ல வச்சுக்குங்க," என்றாள் டோரீன். "நனையறது விக்கிற கயிறு."

உள்ளே வந்து இருநூற்று நாற்பதை எடுத்து மேசைமேல் வைத்தேன். டோரீன் பணத்தைத் தொடவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு, உடம்பு சரியில்லையா? இன்னும் பேரமே பேசலையே."

"இல்ல, இருக்கட்டும்," என்றேன். பயந்துவிட்டாள் போல, அவளாகவே பத்து சதவீதம் குறைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சமையலறைத் தராசில் அடுத்த வாரச் சாமான்களை வைத்து, வழக்கம்போல ஒரு பழைய உறையின் பின்னால் எடை எழுதினோம். இதுவரை 'முன்னால்' என்ற பத்தியில் என் பெயர் இருக்கும். அவள் அதில் தன் பெயரை எழுதி, கொக்கிகளையும் கயிற்றையும் சேர்த்தாள். 'பின்னால்' என்பதில் என் பெயர்: மழைக்கோட்டு நூற்றுத் தொண்ணூறு கிராம், தேநீர் ஃப்ளாஸ்க் எழுநூறு, சீஸ் சாண்ட்விச் முன்னூற்று இருபது. பழைய கோட்டைவிட இருநூற்று இருபது கிராம் லாபம். அந்த ஒன்றில் எங்கள் இருவர் கணக்கும் ஒத்துப்போனது.

அவள் தூங்கப்போன பிறகும் போகாமல், உறையின் ஓரத்தில் இன்னொரு கணக்கை நான் போட்டேன். காலையில் பார்த்தால் அதில் ஒரு வரியையும், அதனால் பாக்கியையும் அவள் அடித்துத் திருத்தியிருந்தாள். கடைக்குப் பின்னால் நின்றதை ஒன்றாக எழுதியிருந்தேன். அது அரைதான் என்றிருந்தது.

ஹேஸல் கீழே நின்ற சனிக்கிழமைகள்: ஏறக்குறைய முன்னூறு.
வில்ஃப் நின்றது: அரை.
பாக்கி: இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதரை.