காலண்டரில் முதலாளி

வெம்பக்கோட்டைப் பட்டாசுக் கம்பெனி முதலாளி கருப்பணனுக்குத் தினமும் காலையில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் ஊர்க்காவலனின் பிழைப்பு. முதலாளி சோபாவில் சாய்ந்தபடி, "எப்படின்னு செஞ்சு காட்டுங்க தம்பி" என்பார். இவன் தண்டால் எடுத்து முடிப்பதற்குள் அவர் பூரியை முடித்திருப்பார். களைத்துப்போவதும் அவர்தான்.

இப்படியே ஊர்க்காவலனின் உடம்பு சிலையாக இறுகியது. முதலாளியின் தொப்பை மட்டும் கொள்கையில் உறுதியாக நின்றது.

புது வருடத்துக்குக் கம்பெனி காலண்டர் வந்தது. அதில் முதலாளி சட்டையில்லாமல் புஜத்தை முறுக்கி நின்றார். முகம் அவருடையது. தோளில் இருந்த தழும்பு ஊர்க்காவலனுடையது.

"அண்ணாச்சி, இது என் உடம்புல்ல?"

"எங்க வீட்டுல வளந்த உடம்புதான தம்பி? அடியில பயிற்சியாளர்னு ஒங்க பேரும் நம்பரும் போட்டிருக்கேன், பாருங்க."

இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று கொதிப்போடு வெளியே வந்தவனுக்குப் போன் அடித்தது. கருப்பணனை நேரில் பார்த்துப் பல வருடங்களாகிவிட்ட விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவர் பேசினார்.

"தம்பி, காலண்டரப் பாத்தேன். அம்புட்டுத் தொப்பையையும் எப்படிக் கரைச்சீக? என்னையும் அப்படி ஆக்கிவிடுங்க."

ஊர்க்காவலன் கொஞ்சம் யோசித்தான். கொதிப்பு இறங்கிவிட்டது.

"அண்ணாச்சி ரொம்பப் பாடுபட்டாருங்க" என்றவன், வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டான்.