சாயங்காலப் பாட்டின் இரண்டாம் குரல்

அக்காவும் தங்கையும் பேசாமல் இருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். சேர்ந்து பாடாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஞானபாக்கியமும் ரத்தினமும் அப்படித்தான் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் பஸ் ஏறிப் போய் வந்தன. ரத்தினத்தின் பிரசவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் ஞானபாக்கியம்தான். சேலை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள், மாமியார்களைப் பற்றி மனம்விட்டுப் பேசிச் சிரித்தார்கள். ஆனால் இருவரும் போகும் ராஜபாளையம் கோயிலில் ஞானபாக்கியம் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நின்றால், ரத்தினம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பாள். வாய் அசையாது. எண்பத்து நான்கிலிருந்து அப்படி.

ஞானபாக்கியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். மதுரையில் முறையாக இசை படித்தவள். சனிக்கிழமைகளில் இசைத் தேர்வு எழுதும் பெண்களுக்குத் தனியாக வகுப்பு எடுப்பாள். பாட்டைப் பாடினால் மட்டும் போதாது, அதைப் பிரித்துப் பார்க்கவும் தெரியவேண்டும் என்பது அவள் கட்சி. முதல் சனிக்கிழமை மெட்டை மட்டும் எடுத்தாள்: எங்கே ஏறுகிறது, எங்கே தங்குகிறது, எந்த ஸ்வரத்தைத் தொடாமல் தொட்டுப் போகிறது. அடுத்த வாரம் சொற்களையும் மெட்டையும் தள்ளிவைத்துத் தாளம் மட்டும். பெண்கள் தொடையில் தட்டித் தட்டித் தொடை சிவந்ததுதான் மிச்சம் என்று சிரித்தார்கள். மூன்றாவதாக, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை எடுக்க அவளுக்கு ஆசை. ஒரே நேரத்தில் இரண்டு குரல் வெவ்வேறு ஸ்வரங்களில் நடந்து ஒரே பாட்டாகக் கேட்பது எப்படி என்பது. கோயிலில் வளர்ந்தவளுக்கு அது தாய்ப்பால். கர்நாடக சங்கீதம் மட்டும் பழகிய அந்தப் பெண்களுக்கு அது புதிது.

அதைக் காட்ட இரண்டு குரல் வேண்டும். அதற்காகத்தான் அவள் முந்தின ஞாயிறு ராஜபாளையம் போய், ரத்தினத்திடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"சனிக்கிழமை ஒரு மணி நேரம் வாட்டி. நம்ம சாயங்காலப் பாட்டை ரெண்டு பேரும் பாடிக் காட்டிருவோம். பிள்ளைக கேக்கட்டும்."

ரத்தினம் கட்டுத்துணிச் சுருள்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஐயாதுரை வீட்டுக்குப் பின்னால் சின்னதாக பேண்டேஜ் யூனிட் வைத்திருந்தார்.

"எனக்கா? கழுதைக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு என் குரலு. பிள்ளைக பயந்துரும்."

"விளையாடாத."

"லோடு போகணும்க்கா சனிக்கிழமை. நீ வேற யாரையாவது கூட்டிட்டுப் போ," என்றவள், உடனே, "மீன் குழம்பு இருக்கு, சாப்பிடுதியா?" என்றாள்.

அவள் அப்படித்தான். மறுப்பதைக்கூடச் சோற்றோடு பிசைந்துதான் வைப்பாள். ஞானபாக்கியம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஒரு சுருள் கட்டுத்துணியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எண்பத்து நான்கில், சுற்றுவட்டாரத்துச் சபைகளெல்லாம் கூடிய பாட்டுப் போட்டி. ஆர்மோனியம் ஆரம்ப சுருதியை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடும். நடுவில் துணை கிடையாது. முடிக்கும்போது 'ஆமென்' சொல்ல மறுபடி வரும். பாடியது சாயங்கால ஜெபத்தில் பாடும் அந்தப் பாட்டுதான்; ஞானபாக்கியம் மெட்டு, ரத்தினம் இரண்டாம் குரல். சின்ன வயதிலிருந்தே அந்தப் பங்கீடுதான். மெட்டைத் தனியாகப் பாடினால் யாரும் நின்று கேட்பார்கள். இரண்டாம் குரலைத் தனியாகப் பாடினால், என்ன பாட்டு இது என்று கேட்பார்கள். அடுத்த அறையில் நடக்கும் பேச்சுக்கு 'உம்' கொட்டுவது போல இருக்கும். ரத்தினத்துக்கு அதில் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அன்றைக்கு 'ஆமென்' வந்தபோது பாட்டும் ஆர்மோனியமும் ஒட்டவில்லை. கேட்டவர்கள் முகம் சுளித்தார்கள். "இரண்டாம் குரல் நிலையாக இல்லை, அலைகிறது" என்று நடுவர் சொன்னார். பரிசு போனது. திரும்பி வரும் வேனில் ஞானபாக்கியம் தங்கைக்கு விளக்கினாள். கோபமாக அல்ல; அவள் கோபித்திருந்தால் ரத்தினமும் திட்டியிருப்பாள், விடிவதற்குள் தீர்ந்திருக்கும். பொறுமையாக, பாடம் மாதிரி விளக்கினாள். எந்த அடியில் விலகினாய், ஏன் விலகினாய், மூச்சை எங்கே விட்டிருக்கவேண்டும். ரத்தினம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி தலையாட்டிக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் அவள் கோயிலில் பாடவில்லை. முதலில் கல்யாண வேலை என்றாள், பிறகு பிள்ளை, பிறகு யூனிட். காரணங்கள் எல்லாமே உண்மையாக இருந்ததால் ஞானபாக்கியம் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று சில ஞாயிறுகளில், பாயில் உட்கார்ந்திருக்கும் அந்த அசையாத வாயைப் பார்க்கும்போது தோன்றும்.

அந்தப் போட்டியின் கேசட் அவளிடம் இருந்தது. போட்டுக் கேட்டதே இல்லை. ரத்தினம் வரமாட்டேன் என்றதும் அதைத்தான் எடுத்துவந்தாள். இரண்டு குரல் சேர்வதையும் காட்டலாம். கடைசிச் சரணத்தில் ஒரு குரல் விலகினால் பாட்டு என்ன ஆகும் என்பதையும் காட்டலாம். இந்த இரண்டாவது எண்ணம் வந்தபோது அவளுக்குள் ஒரு சின்னத் திருப்தி எட்டிப் பார்த்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் முதலில் கட்டுத்துணியை விரித்தாள். "இதுல நீளமா ஓடுறது பாவு. குறுக்க ஓடுறது ஊடை. ரெண்டுக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியிற மாதிரி இடைவெளி இருக்கு பாருங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடல. ஆனா ஒண்ண உருவினா இன்னொண்ணு துணியா இருக்காது." ஒரு நூலை உருவிக் காட்டினாள். பெண்கள் ஆளுக்கொரு நூலை உருவத் தொடங்கினார்கள்.

பிறகு கேசட்டைப் போட்டாள். பாடுவது யார் என்று சொல்லவில்லை. ஆரம்ப சுருதியைக் கேட்டு, அதே சுருதியில் மேஜைமேல் சுருதிப் பெட்டியை ஓடவிட்டாள். அது அவளுக்கு வழக்கம். சுருதிப் பெட்டி இல்லாமல் அவள் வகுப்பில் ஒரு வரிகூடப் பாடுவதில்லை.

இருபத்தைந்து வயதுக் குரல் ஒன்று அறைக்குள் வந்தது. அதன் அடியில், பாய் விரித்த மாதிரி இன்னொன்று. நூல் உருவிய கைகள் நின்றன. வெள்ளத்தாய் என்ற பெண் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடைசிச் சரணத்தை நல்லாக் கவனிங்க," என்றாள் ஞானபாக்கியம். "ரெண்டாவது குரல் எங்க விலகுதுன்னு சொல்லணும்."

சரணம் வந்தது, போனது. யாரும் கைதூக்கவில்லை. மறுபடி போட்டாள். வெள்ளத்தாய் தயங்கி எழுந்தாள்.

"டீச்சர், விலகுறது மொத அக்காதான்."

"என்னது?"

"மேல போகையில மொத அக்கா செத்த ஏறிருதாங்க. பெட்டியோட சேரல. ரெண்டாவது அக்கா சரியாத்தான் நிக்காங்க. பொறவு, பாவம், அவங்களும் கொஞ்சங்கொஞ்சமா ஏறி மொத அக்காகிட்ட போயிருதாங்க. அப்பதான் மறுபடி சேந்து கேக்குது."

ஒருத்தி சிரித்தாள். "அக்கா வழுக்கி விழுந்தா தங்கச்சியும் கூட விழுகணுமாக்கும்?"

அவர்கள் அக்கா தங்கை என்பது இந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திடுக்கிட்டாள். தெரியாது. சும்மா சொன்னது.

"பழைய கேசட்," என்றாள். "பதியும்போது பேட்டரி தீர்ந்துட்டே வந்திருந்தா, இப்பப் போடும்போது சுருதி ஏறுற மாதிரிதான் கேக்கும்."

சொன்னது சரியான விளக்கம்தான். அப்படி நடப்பதுண்டு. பெண்களும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நாடா ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து 'ஆமெனு'க்கு ஆர்மோனியம் வந்தது. கேசட்டில் குறை இருந்தால் ஆர்மோனியமும் ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை. மேஜைமேல் இருந்த பெட்டியோடு கோடு போட்ட மாதிரி ஒட்டி நின்றது. இரண்டு குரல்கள் மட்டும் அதற்கு மேலே, கை கோத்துக்கொண்டு, தப்பான இடத்தில் நின்றன.

வெள்ளத்தாய் டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஞானபாக்கியத்துக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை, விளக்கமாகப் புரிந்தது. மதுரையில் படித்த காலமெல்லாம் காதோரம் சுருதி ஓடிக்கொண்டே இருந்தது. அது இல்லாத இடத்தில் மேல் ஸ்தாயிக்குப் போனால், தன் குரல் ஏறுவதைத் தன்னால் கேட்கமுடியவில்லை. கேட்டவள் ரத்தினம். சரியான இடத்தில் அவள் நின்றிருந்தால் அக்காவின் பிசகு கூட்டத்துக்கே அம்மணமாகத் தெரிந்திருக்கும். அவள் தன் இடத்தை விட்டுவிட்டு ஏறி வந்தாள். அந்த ஏற்றம்தான் நடுவருக்கு அலைவதாகக் கேட்டது.

பெண்களை அனுப்பிவிட்டு, கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேராக ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள்.

பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி நடந்தாள். யூனிட் முற்றத்தில் வெளுத்த துணி கொடிகொடியாகக் காய்ந்தது. ஐயாதுரை டெம்போவில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க மதினி. என்ன, சொல்லாம கொள்ளாம? உள்ளதான் இருக்கா, போங்க."

ரத்தினம் தரையில் உட்கார்ந்து துணி சுருட்டிக்கொண்டிருந்தாள். ஞானபாக்கியம் எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் கேசட்டைப் போட்டேன்டி. விலகுனது நீ இல்ல. நானு."

ரத்தினத்தின் கை நிற்கவில்லை. "அதுவா? அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா."

"தெரியுமா? பொறவு ஏன் சொல்லல?"

"பாட்டு நடுவுல எப்படிச் சொல்ல? உன் சேலையப் பிடிச்சு இழுக்கவா?" என்று சிரித்தாள். "வேன்ல சொல்லுவோம்னுதான் இருந்தேன். நீ அதுக்குள்ள ஆரம்பிச்சிட்ட. எங்க மூச்சு விடணும், எங்க விடக்கூடாதுன்னு, ராஜபாளையம் வார வரைக்கும். நீ படிச்சவ. அம்புட்டு விவரமா சொல்லுத. கேக்கக் கேக்க எனக்கே, நாந்தான் விலகுனேனோன்னு ஆயிட்டுக்கா."

சுருளின் நுனியை ஒட்டிப் பெட்டியில் வைத்தாள்.

"கோவம்லாம் இல்ல. அதுக்குப் பொறவு வாயத் தொறந்தா எது சேருது, எது சேரலன்னு எனக்குக் கேக்கல. முன்னாடி தானா கேக்கும். அது போயிட்டு. அதான் விட்டுட்டேன்."

வெளியே டெம்போ உறுமி நின்றது. ஞானபாக்கியத்துக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. தான் தங்கையிடமிருந்து எடுத்தது ஒரு பரிசையோ பெயரையோ அல்ல, காதை என்று மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

"இப்பப் பாடுவோம்," என்றாள். "இங்கேயே. யாரு இருக்கா?"

"ஏக்கா..."

"ஒரு தடவை. எனக்காக."

ரத்தினம் மறுப்பாள் என்று நினைத்தாள். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள்.

ஞானபாக்கியம் மெட்டைத் தொடங்கினாள். ரத்தினம் சேர்ந்தாள். மெட்டிலேயே சேர்ந்தாள். இரண்டு வரி போனதும் தானே நிறுத்தி, "இரு, இரு, மாறிட்டு," என்றாள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் மெட்டுதான் வந்தது. "பிள்ளைகளத் தூங்கவைக்க இதைத்தான பாடுவேன். தொட்டில ஆட்டிக்கிட்டு ரெண்டாம் குரலா பாடமுடியும்? என் பங்கு மறந்துட்டு போல."

"அப்ப நீ மெட்டைப் பாடு. ரெண்டாவதை நான் எடுக்கேன்."

அதன் ஒவ்வொரு ஸ்வரமும் ஞானபாக்கியத்துக்குத் தெரியும். கரும்பலகையில் பிசகில்லாமல் எழுதுவாள். ரத்தினம் தொடங்கினாள்; கனமான, தெளிவான குரல், அசையாமல் நின்றது. ஞானபாக்கியம் அதன் அடியில் நுழைந்தாள். முதல் வரி நின்றது. இரண்டாவது வரியில் தங்கையின் மெட்டு இழுத்தது, ஆற்று நீர் காலை இழுப்பது போல இழுத்தது, போய்விட்டாள். மறுபடி. மறுபடியும் போய்விட்டாள். இன்னொருத்தி பாடுவதைக் கேட்டுக்கொண்டே தன் இடத்தில் நிற்பது எப்படி என்று அவள் பழகியதே இல்லை. அந்த வேலையை எப்போதும் ரத்தினம்தான் செய்தாள்.

"எங்கூட வராதக்கா. நில்லு," என்று ரத்தினம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைசியில் இருவரும் மெட்டையே முழுவதுமாகப் பாடி முடித்தார்கள். பிசகே இல்லை.

ஐயாதுரை கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். "அடேயப்பா! ரெண்டு பேரு பாடுன மாதிரியே இல்ல மதினி. ஒரே ஆளு பாடுன மாதிரி இருக்கு. ஏன் இத்தன நாளு பாடாம இருந்தீய?"

ரத்தினம் சுருளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டும் அக்காவைப் பார்க்காமல், கொடித் துணியைத் தொட்டு ஈரம் பார்ப்பது போலக் கேட்டாள்.

"அந்தக் கேசட்டுல... நான் நல்லாப் பாடியிருக்கேனா?"

"கடைசிச் சரணத்துல நீ..." என்று தொடங்கிய ஞானபாக்கியம் நிறுத்திக்கொண்டாள். எந்த அடியில் நின்றாள், எந்த அடியில் ஏறினாள், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பதவிசாக, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.

"நல்லாப் பாடியிருக்கடி," என்றாள்.

ரத்தினம் தலையாட்டினாள். வேனில் ஆட்டிய அதே தலையாட்டல். கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வாள் என்று ஞானபாக்கியம் பையில் கைவிட்டபடி சற்று நின்றாள். அவள் கேட்கவில்லை.

"பாத்துப் போ. ஆறு மணி பஸ்ல கூட்டமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள்.