நடுவில் நிற்கும் குரல்

அக்கா ஒரு ஹெட்ஃபோன் வயரைக் கன்னத்தில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தாள்.

“காதுல கேக்கறதும்மா அது. கன்னத்துக்கு என்ன தெரியும்?” என்றார் கடைக்காரர்.

“போர்வைல உரசுனா கரகரன்னு வருமான்னு பாக்கறேங்க. படுத்துக்கிட்டே கேக்கறவன்.”

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். கண்ணாடி மேசையின் மேல் வயர்கள் பாம்புக்குட்டிகள் போலச் சுருண்டு கிடந்தன. வெள்ளி, செம்பு, இரண்டும் கலந்தது, நூல் பின்னல் போட்டது. ஒவ்வொன்றையும் பெண்ணுக்கு வரன் சொல்வது போலப் பெருமையாக எடுத்துச் சொன்னார். வெள்ளியில் மேல்சத்தம் மினுங்குமாம். செம்பில் குரல் இளஞ்சூடாக இருக்குமாம். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. தம்பிக்கு இரண்டு காதிலும் பாட்டு வர வேண்டும். இன்றைக்கே வர வேண்டும். நாளை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் சொல்லவில்லை. “வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்.

தம்பிக்கு வீட்டில் கம்பி என்று பேர். சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததால் வைத்தது. வளர்ந்து, ஹெட்ஃபோன் பைத்தியமும் வயர் பைத்தியமும் பிடித்த பிறகு அந்தப் பேர் அளவெடுத்துத் தைத்தது போல அவனுக்குப் பொருந்திவிட்டது. ஒரு வயர் மாற்ற மாதக்கணக்கில் யோசிப்பான். “பொண்ணு பாக்க இதுல பாதி யோசிச்சிருந்தா இந்நேரம் ரெண்டு பிள்ளைக்கு அப்பனாயிருப்ப,” என்பார் அவள் கணவர். “உங்க பொழப்பப் பாத்துட்டுத்தானே அத்தான் உஷாரா இருக்கேன்,” என்பான் கம்பி.

இப்போது அந்த அத்தான்தான் வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பிக்கு நுரையீரல் அனேகமாக மூடிவிட்டது. முன்னறையில் வாடகைக் கட்டில், அதன் தலைமாட்டில் மூச்சு மெஷின். இரவும் பகலும் அது புஸ் என்று இழுத்து, டொக் என்று விடும்.

“அக்கா, அது என் மூச்ச எண்ணுதுக்கா,” என்று ஒருநாள் சொன்னான். “கேட்டுக்கிட்டே இருந்தா, அடுத்தது வருமா வராதான்னு நானும் எண்ண ஆரம்பிச்சிடறேன்.”

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் மட்டும் கண்ணிலிருக்கிற மிரட்சி அடங்கும். ஒரு பாடகியின் பாட்டுத்தான் எப்போதும். அவள் குரல் நெற்றிக்கு நேர் நடுவில் வந்து நிற்கும் என்பான். ஆள் நிற்கிற மாதிரி, மூச்சு விடுகிற மாதிரி. அக்காவும் மாட்டிப் பார்த்திருக்கிறாள். “பாட்டு கேக்குதுடா. வேற என்ன கேக்கணும்? சொல்லு, கேட்டுத் தொலைக்கிறேன்,” என்று கழற்றிக் கொடுத்துவிடுவாள்.

அந்த வயரைத்தான் காலையில் அவள் அறுத்துவிட்டாள். கட்டிலின் பக்கச் சட்டத்தைத் தூக்கிப் பூட்டும்போது கீலில் சிக்கி, கடித்துத் துப்பியது போலாகிவிட்டது. இடது காது செத்துப்போனது. கம்பி கோபித்துக்கொள்ளவில்லை. “பரவால்லக்கா,” என்றான். அடுத்த வார்த்தைக்கு ஒரு முழு மூச்சு தேவைப்பட்டது. “ஒரு காது போதும்.” ஆனால் செத்த காது வழியாக மெஷின் உள்ளே நுழைந்தது. மத்தியானத்துக்குள் அவன் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஹெட்ஃபோன் செய்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. கம்பிக்கு வயர் பற்றவைத்துத் தருகிற கூட்டாளி ஒருத்தன் உண்டு, சால்டர் என்பார்கள். அவனைக் கூப்பிட்டால், “நான் வெளியூர்லக்கா, காலைலதான் வருவேன்! வேற கம்பெனி செஞ்ச வயர் கிடைக்கும், கேட்டுப் பாருங்க,” என்று பதறினான். கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் இந்தக் கடை.

அக்கா போனை எடுத்தாள். “ஏங்க, அவன்கிட்ட கேளுங்க. வெள்ளியா, செம்பா?”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு கணவரின் குரல். “எது சீக்கிரம் வருதோ அதுங்கறான்.”

மாதக்கணக்கில் யோசிக்கிறவன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“செம்பு குடுங்க. இந்த மெத்துன்னு இருக்கறது.”

கடைக்காரர் சுருட்டிப் பையில் போட்டபடி, “இது நெறைய மாடலுக்குப் போடறதும்மா. அதனால மாட்டும்போது முனையப் பாத்து...” என்று ஆரம்பித்தார். போன் மறுபடி அடித்தது.

“எங்க இருக்க? பேசாம என்னையே பாத்துட்டு இருக்கான். எனக்குப் பயமா இருக்கு, சீக்கிரம் வா.”

பை அவள் கையில் எப்படி வந்தது என்று தெரியாது. ஓடினாள்.

அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸ் பொருத்துகிற பிரிவு. முன்பொருதரம் அங்கே யாரோ இடதையும் வலதையும் மாற்றிப் பொருத்தி, ஒரு பெரியவர் படியில் உருண்டு விழுந்தார். அன்றிலிருந்து இடம் வலம் பார்க்காமல் அவள் எதையும் தொடுவதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வயரைப் பிடித்து, கடுகளவு எழுத்துகளைப் படித்தாள். இடது முனை இடது காதுக்கு. வலது முனை வலதுக்கு. ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு மெல்லிய முள். துளையில் வைத்து அழுத்தினாள். க்ளிக் என்று உட்கார்ந்தது. சரியாகச் செய்துவிட்டோம் என்று அன்றைக்கு முதல்முறையாக ஒரு நிம்மதி வந்தது.

அவன் தலையைத் தூக்கி மாட்டிவிட்டு, அந்தப் பாட்டைப் போட்டாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

புருவம் சுருங்கியது. கண்கள் கூரையில் எதையோ தேடின.

“என்னடா?” ஒரு காதை விலக்கிக் கேட்டாள்.

“நடுவுல... யாரும் இல்லக்கா.”

மருந்துப் பேச்சு. காலையில்கூட, குழாயே இல்லாத அறையில் குழாயை மூடச் சொன்னான். அவள் அவன் நெற்றியைத் தடவினாள். “எல்லாரும் இங்கதான் இருக்கோம்டா. நான் இருக்கேன், உங்க அத்தான் இருக்கார். கண்ண மூடிக் கேளு.”

அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தான். அவள் காலில் இன்னும் செருப்பு இருந்தது. கூந்தல் கலைந்து, கழுத்தில் வியர்வை வழிந்தது. பிறகு கையைக் காதுப்பக்கம் மெல்லத் தூக்கினான். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ பிடித்தது போலச் சேர்ந்து அரை வட்டம் திரும்பின. அரிக்கிறது போல என்று அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள்.

கை போர்வையில் விழுந்தது.

“செம்பா?”

“செம்புடா. மெத்துன்னு இருக்கா?”

“நல்லா இருக்குக்கா,” என்றான்.

அதற்குப் பிறகு அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். பாட்டு முடிய முடிய அவள் திரும்பப் போட்டாள். விரிப்பைப் பிடித்த கைகள் தளரவில்லை. அவை தளர்ந்துவிட்டதாக அவள்தான் நினைத்துக்கொண்டாள். விடியும் நேரத்தில் மெஷின் இழுத்தது, விட்டது, இழுத்தது. அவன் அதோடு சேர்ந்து இழுக்கவில்லை. அவள் கணவர் எழுந்து சுவிட்சை அணைத்தார். இத்தனை நாளில் முதல்முறையாக அறையில் சத்தம் இல்லை. ஹெட்ஃபோனில் மட்டும், கொசு பாடுவது போல, அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியபோது வீடு ஆட்களால் நிறைந்துவிட்டது. கம்பியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முன்னறையில் வாடகைக் கட்டில் அப்படியே இருந்தது. யாரோ ஒரு அத்தை அக்காவை அங்கே உட்காரவைத்து, குடிக்க ஏதோ கொடுத்துவிட்டுப் போனாள். சால்டர் வந்தான். தோளில் பயணப் பை. கூடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, தலையணை மேல் கிடந்த ஹெட்ஃபோனை எடுத்துப் புரட்டினான். பழக்கதோஷம்.

அவன் விரல்கள் நின்றன. இடது முனையைப் பிடுங்கினான். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாக அரை வட்டம் திருப்பி, மறுபடி அழுத்தினான்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

“இப்ப என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் இல்லக்கா. சும்மா.”

“என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்.”

அவன் ஹெட்ஃபோனைக் கீழே வைக்கப் பார்த்தான். அவள் கண்கள் விடவில்லை. “பழைய வயர்ல முனைக்கு ஒரு பல் இருக்கும்க்கா. ஒரு பக்கமாத்தான் போகும். இதுல பல் இல்ல, ஒரு புள்ளிதான் இருக்கு. அது முன்னாடி பாக்கணும். ஒண்ணு திரும்பிப் போச்சுன்னா...” உள்ளங்கைகள் இரண்டையும் எதிரெதிரே வைத்துக் காட்டினான். “ஒரு காது தள்ளும், இன்னொண்ணு இழுக்கும். பாட்டு கேக்கும். ஆனா குரல் நடுவுல நிக்காது. ஓரமா செதறிடும்.”

கூடத்தில் யாரோ பெருங்குரலெடுத்து அழுதார்கள்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?”

சால்டர் தரையைப் பார்த்தான். “மொத வரியிலயே தெரிஞ்சிருக்கும்க்கா.” சட்டென்று பேச்சை மாற்றினான். “மருந்து மயக்கத்துல தெரியாமயும் போயிருக்கும். அதெல்லாம் சொல்ல முடியாது. நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

கடையில் கண்ணாடியைத் தப்பாகப் பொருத்திவிட்டு, ‘ரெண்டு நாள் போட்டா பழகிடும் சார்’ என்று சொல்கிற குரல் அவளுக்குத் தெரியும்.

“திருப்பி மாட்டுங்க,” என்றாள்.

“மாட்டிட்டேன்க்கா. இப்ப சரியாயிடுச்சு.”

“நான் மாட்டுன மாதிரி.”

“அக்கா...”

“நான் எப்படி மாட்டுனேனோ அப்படி.”

அவன் முனையைப் பிடுங்கித் திருப்பி அழுத்தினான். கொடுக்கும்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

அக்கா அதைத் தலையில் மாட்டிக்கொண்டாள். காதுமெத்தையில் இன்னும் அவனுடைய எண்ணெய் வாசனை இருந்தது. பாட்டைப் போட்டாள். தாளம் ஓரங்களில் தேய்ந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது, அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து போல, தண்ணீருக்கடியிலிருந்து போல, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்கு மறுபக்கத்திலிருந்து. நெற்றிக்கு நேரே, நடுவில், பொருள்களையெல்லாம் காலி செய்துவிட்டுப் போன அறை போல ஓர் இடம் இருந்தது. அவள் அங்கே காத்திருந்தாள்.

முன்னறை வாசலில் கணவர் வந்து நின்றார். அவர் உதடுகள் அசைந்தன. அவர் தோளுக்குப் பின்னால் தூக்க வந்தவர்கள் தெரிந்தார்கள். தெருவில் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அவர் மறுபடியும் ஏதோ சொன்னார்.

அவள் உள்ளங்கையை அவர் பக்கம் உயர்த்திக் காட்டினாள். கண்ணைத் திறந்தபடியே இருந்தாள். பாட்டு இன்னும் முடியவில்லை. கை அப்படியே நின்றது. அவர் வாசற்படியிலேயே நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள்.